முதலில் வரும் பதில்

நம் வயதுக்காரர்கள் எல்லோரும் அடி வாங்கி வளர்ந்தவர்கள்தான். ஸ்கேலில், பெல்ட்டில், விசிறிக் காம்பில், கையில் கிடைத்ததில். அதைச் சிரித்துக்கொண்டே பேசும் பழக்கம் நமக்கு வந்துவிட்டது. செம்பாக்கம் ஏரிக்கரையில் காலை நடையை முடித்துச் சுக்கு காபியோடு உட்காரும்போது, யாருடைய அப்பா அதிகம் அடித்தார் என்று போட்டிகூட வைத்துக்கொள்கிறோம். போன வாரம் பேச்சு வேறு பக்கம் போனது. யோசிக்கிறவன் சாமி கும்பிட மாட்டான், கும்பிடுகிறவன் யோசிக்க மாட்டான் என்று வங்கியில் இருந்து ஓய்வு பெற்ற நண்பர் சொன்னார். விபூதி வைத்திருந்த இன்னொருவர் காபி கப்பைத் தரையில் வீசிவிட்டு எழுந்து போனார். நீங்கள் எல்லோரும் என்னைப் பார்த்தீர்கள். அடியும் சாமியும் எங்கள் வீட்டில் ஒரே விஷயமாக இருந்தன. அதை நடந்துகொண்டே சொல்லிவிட முடியாது. அதனால் எழுதுகிறேன்.

அப்போது நாங்கள் முடிச்சூரில் இருந்தோம். இப்போது அடுக்குமாடிகள் நிற்கிற இடமெல்லாம் நெல்லும் வேர்க்கடலையும். அப்பா தன் பங்கு நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, தாம்பரத்தில் ரயில் பணிமனையில் ஃபிட்டர் வேலைக்குப் போனார். சாயங்காலம் அவர் சைக்கிளை வாசலில் சாய்க்கும்போதே கிரீஸும் மண்ணெண்ணெயும் கலந்த வாசனை வீட்டுக்குள் நுழைந்துவிடும். மரத்தூளைச் சோப்போடு சேர்த்துக் கையைத் தேய்த்துக் கழுவுவார். நகக்கண்ணில் இருக்கும் கறுப்பு மட்டும் போகவே போகாது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் கறிச்சோறு முடிந்ததும் புதிர் நேரம். நானும் அண்ணனும் முற்றத்தில் சம்மணம் போட்டு உட்கார வேண்டும். அப்பாவின் மடியில் ஒரு தேக்கு ஸ்கேல் கிடக்கும். பணிமனையில் அவரே இழைத்துச் செய்தது. ஒரு ஓரத்தில் பித்தளைத் தகடு பதித்திருப்பார். சின்னத் தப்புக்கு மரப்பக்கம், பெரிய தப்புக்குப் பித்தளைப் பக்கம். கேள்வி கேட்டதும் பதில் சொல்லக் கூடாது. முதலில் வருகிற பதிலை விழுங்கிவிட்டு அடுத்தது வரும்வரை காத்திருக்க வேண்டும். இதுதான் விதி.

எனக்கு அது வராது. கேள்வி முடிவதற்குள் பதில் வாயில் இருக்கும். மூன்று சட்டை காய மூன்று மணி நேரம் ஆகிறது, ஆறு சட்டை காய எவ்வளவு நேரம் என்று ஒருமுறை கேட்டார். ஆறு மணி நேரம் என்று கத்தினேன். விரல் முட்டியில் மரப்பக்கம் இறங்கியது. துணி பிழிந்துகொண்டிருந்த அம்மா, கொடியில போட்டா எல்லாம் ஒண்ணாத்தானே காயும் என்று சிரித்தாள். நீ யோசிச்சிச் சொல்லல, துவைச்சிச் சொல்ற என்று அப்பா அவளை ஒதுக்கிவிட்டார். அவருக்கு வேண்டியது அண்ணனின் பதில். அண்ணன் கொடியையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மூணுதாம்பா என்றான். அப்பா ஸ்கேலைக் கீழே வைத்து அவன் தலையைத் தடவினார். அந்தக் கை என் தலைக்கு வந்ததே இல்லை.

அப்பாவுக்கு ஒரு கொள்கை இருந்தது. இடி இடித்தது, யார் இடிக்கிறார்கள் என்று மனிதன் கேட்டான், சாமி என்று பதில் வந்தது, அதோடு விட்டுவிட்டான். அவசரக்காரன் கண்டுபிடித்ததுதான் சாமி என்பார். அந்தக் கணக்குப்படி, பெண்பிள்ளையாக இருந்தாலும் நான் பூசாரியாகப் போவேன், அண்ணன் விஞ்ஞானியாகப் போவான். வருகிறவர்கள் எல்லோரிடமும் எங்கள் இருவரையும் காட்டி இதைச் சொல்வார்.

அம்மா அரிசி டிரம்முக்குப் பின்னால் கட்டைவிரல் அளவுக்கு ஒரு பித்தளை விளக்கை ஒளித்து வைத்திருந்தாள். அவர் வேலைக்குப் போனதும் ஏற்றி, வருவதற்குள் புகையைத் துணியால் விசிறி வெளியே அனுப்பிவிடுவாள். ஒருநாள் அவர் காய்ச்சலோடு பாதி ஷிப்டில் திரும்பி வந்தார். அம்மாவைக் காதோடு சேர்த்து அறைந்தார். கம்மல் அறுந்து சோற்றுப் பானைக்குப் பின்னால் போய் விழுந்தது. பிறகு விளக்கை வாசல்படியில் வைத்துச் சுத்தியலால் தகடாகும்வரை அடித்து அவள் கையிலேயே கொடுத்தார். அம்மா அழவில்லை. கிழிந்த காதில் மஞ்சளை அப்பிக்கொண்டு ரசத்தை இறக்கினாள். அடுத்த வாரம் அதே இடத்தில் ஒரு மண் அகல் இருந்தது.

அவருடைய கோபத்துக்குக் காரணம் எங்களுக்குத் தெரியும். அவர் சிறுவனாக இருந்தபோது அவருடைய தம்பிக்குக் கடும் காய்ச்சல் வந்திருக்கிறது. அம்மை என்று சொல்லி டாக்டரிடம் காட்டாமல் கோயில் மண்டபத்தில் வேப்பிலையில் படுக்க வைத்திருக்கிறார்கள். பையன் அங்கேயே செத்துப்போனான். அப்பா அந்த உடம்பைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாராம், ஒரு கொப்புளம்கூட இல்லையாம். ஆத்தா எடுத்துக்கிட்டா என்று யாரோ சொன்ன நொடியில் கல்லை எடுத்துச் சன்னதி விளக்குகளை உடைத்திருக்கிறார். அன்றைக்கே எனக்கு அறிவு வந்துவிட்டது என்பார். பல வருடங்கள் நானும் அப்படித்தான் நம்பினேன். இந்த வயதில் யோசிக்கும்போது, அது அழுகையோடு ஒரே மூச்சில் வந்த பதில் என்று தெரிகிறது. தப்பான பதில் என்று நான் சொல்லவில்லை. ஆனால் எங்களை எதற்காக அடித்தாரோ அதே மாதிரிப் பதில். அதை அவர் திரும்ப எடுத்துப் பார்க்கவே இல்லை.

நான் சொல்ல வந்தது ஒரு ஆடி மாதத்தை. அண்ணன் பள்ளிப்படிப்பை முடித்துவிட்டுக் கல்லூரிக்குப் போக இருந்தான். அந்த மாதம் முழுக்க அவன் சாயங்காலங்களில் வீட்டில் இல்லை. புழுங்கித் தள்ளுகிற வெயிலிலும் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு திரிந்தான். கறி வேண்டாம் என்றான், வயிறு சரியில்லை என்றான். அப்பா கவனிக்கவில்லை. அண்ணனைச் சந்தேகப்படும் பழக்கமே அவருக்கு இல்லை.

அந்த மாதத்து ஞாயிறு ஒன்றில் நான் வழக்கம்போல ஒரு புதிருக்குத் தப்பாகப் பதில் சொன்னேன். என்ன புதிர் என்று மறந்துவிட்டது. அப்பா ஸ்கேலைப் பித்தளைப் பக்கமாகத் திருப்பினார். நான் கையை நீட்டினேன். என் கைக்கு மேல் அண்ணன் தன் கையை நீட்டினான். போன வாரம் பட்ட அடியில் என் விரல் இன்னும் வீங்கியிருந்தது, அதனால்தான். சட்டைக்கை மேலே ஏறியது. மணிக்கட்டில் மஞ்சள் கயிறு. கயிற்றில் ஒரு துண்டு மஞ்சள்.

அம்மன் கோயில் தீமிதிக்குக் கட்டுகிற காப்பு அது. ஊரில் எல்லோருக்கும் தெரியும். அப்பாவுக்கும் தெரியும்.

"இன்னாடா இது?"

அண்ணன் பதில் சொல்வதற்கு முன் வழக்கம்போல நேரம் எடுத்துக்கொண்டான். அந்த நேரத்தை அப்பா தரவில்லை. பித்தளை ஓரம் அவன் புருவத்தைப் பிளந்தது. ரத்தம் கண்ணில் இறங்கி அவன் ஒரு கண்ணை மூடிக்கொண்டான். அப்பா அடுக்களையிலிருந்து கத்தியை எடுத்துவந்து அவன் கையை முழங்காலில் வைத்து அழுத்திக்கொண்டு கயிற்றை அறுக்கப் பார்த்தார். அம்மா ஓடிவந்து கத்தியின் வெட்டும் பக்கத்தை அப்படியே உள்ளங்கையால் பிடித்தாள். அவர் இழுத்தார், அவள் விடவில்லை. அவர் முழங்கையில் வாய் வைத்துக் கடித்தாள். அம்மா ஒருவரைக் கடிப்பாள் என்று அதுவரை எனக்குத் தெரியாது. கத்தி கீழே விழுந்தது. நான் அதை எடுத்துக் கிணற்றில் போட்டேன்.

அப்பா அண்ணனின் சட்டையைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினார். நீயுமா மூளையை அடகு வெச்சிட்ட என்று கேட்டார். குரல் உடைந்திருந்தது. அண்ணன் ரத்தத்தைத் தோளில் துடைத்துக்கொண்டு, மெதுவாகத்தான் சொன்னான்:

"நீ சொன்னதத்தாம்பா செஞ்சேன். முதல்ல வர பதில நம்பாதன்ன. நம்ம வூட்ல முதல்ல வர பதிலு சாமி இல்லன்றதுதான்."

அப்பா முஷ்டியை மடக்கி அவன் வாயில் குத்தினார். அவன் பின்னால் சரிந்து ஆட்டுக்கல்லில் தலை மோத விழுந்தான். அப்பா காலைப் பிடித்து அவனை இழுத்துப்போய் விறகுக் கொட்டகையில் தள்ளிப் பூட்டினார். காப்பு அறுபடவே இல்லை.

மறுநாள் அப்பா வேலைக்குப் போனதும் கொட்டகைப் பலகை இடுக்கு வழியாக அவனுக்கு இட்லியைப் பிட்டுப் பிட்டுக் கொடுத்தேன். உதடு கிழிந்திருந்ததால் மென்று தின்ன முடியவில்லை. எதற்கு இதெல்லாம் என்று கேட்டேன். அண்ணன் சொன்னது எனக்கு அப்போது பாதிதான் புரிந்தது. அவன் முதலில் கோயிலுக்குப் போனது எல்லாம் பொய் என்று நிரூபிக்கத்தானாம். தீமிதியில் காலில் ஏன் சுடுவதில்லை என்று கண்டுபிடித்து அப்பாவிடம் சொல்ல நினைத்திருக்கிறான். கண்டுபிடித்தும் விட்டான். தணலின் மேல் சாம்பல் படிகிறது, கால் ஒரு இடத்தில் நிற்பதில்லை, அவ்வளவுதான் விஷயம் என்று எனக்கு விளக்கினான். அப்படியென்றால் அப்பா சொல்வது சரிதானே என்றேன்.

"காலு ஏன் சுடலன்றது புரிஞ்சிபோச்சி. அது புரிஞ்ச அப்புறமும் அங்க போய் நின்னா உள்ள இன்னாவோ ஒண்ணு கீது. அது இல்லன்றதுக்கு ஒரு காரணம் தேடினேன். கிடைக்கல."

வாய்க்குள்ளேயே ரத்தத்தை விழுங்கிக்கொண்டு அவன் இதைச் சொன்னது நினைவிருக்கிறது. அவனுடைய பதில்கள் எல்லாமே இப்படித்தான், அழித்து அழித்துப் போட்ட கணக்கு மாதிரி வரும்.

தீமிதி நாளன்று அப்பா கொட்டகைச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார். மதியம் அம்மா கட்டுப்போட்ட கையோடு அம்மிக் குழவியைத் தூக்கிப் பூட்டின் மேல் போட்டாள். விடாமல் போட்டாள். கட்டு சிவந்துபோனது. தாழ்ப்பாள் பெயர்ந்து வந்ததும் அண்ணனைக் கிணற்றடியில் உட்காரவைத்துத் தலைக்குத் தண்ணீர் ஊற்றி மஞ்சள் வேட்டி கட்டிவிட்டாள். போ என்று மட்டும் சொன்னாள். நானும் அவளும் பின்னாலேயே போனோம்.

கோயில் ஏரி ஓரத்தில் இருந்தது. தீக்குழியில் கட்டைகள் எரிந்து தணிந்து சிவப்பாகக் கிடந்தன. எட்டி நின்றாலே முகம் காய்ந்தது. அந்த வருடம் தீ வளர்க்கும் பொறுப்பு மாமாவுடையது, அதாவது அம்மாவின் தம்பி. அக்காவின் கிழிந்த காதைப் பார்த்த நாளிலிருந்து அவர் அப்பாவோடு பேசுவதில்லை. ஈர வேட்டியில் ஆண்கள் வரிசையாக நின்றார்கள். அண்ணன் நடுவில் நின்றான், ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. பம்பையும் உடுக்கையும் காதைப் பிளந்தன.

யாரோ பணிமனைக்குச் சொல்லிவிட்டிருக்க வேண்டும். அப்பா சைக்கிளை மிதித்துக்கொண்டு கூட்டத்துக்குள்ளேயே வந்தார். காக்கிச் சட்டையைக்கூட மாற்றவில்லை. சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு, குழி ஓரத்தில் சாத்தியிருந்த மண்வெட்டியை எடுத்துத் தணல் மேல் மண்ணை வெட்டி வெட்டிப் போட ஆரம்பித்தார். புகை எழும்பியது. சில நொடிகள் என்ன நடக்கிறது என்று யாருக்கும் விளங்கவில்லை. மாமா ஓடிப்போய்த் தோளைப் பிடித்தார். அப்பா திரும்பாமலேயே மண்வெட்டிக் காம்பைப் பின்னால் இடித்தார். மாமாவின் முன்பற்கள் போயின. வாயைப் பொத்திய கையில் பல்லும் ரத்தமும் வழிந்ததைக் கூட்டம் பார்த்தது.

அதற்குப் பிறகு நான் பார்த்ததை வரிசையாகச் சொல்லத் தெரியவில்லை. பந்தல் கழிகளை உருவினார்கள். அப்பா மண்ணில் விழுந்தார். எழுந்தார். மறுபடி விழுந்தார். அவரைத் தெரிந்தவர்கள்தான் அடித்தார்கள். எங்கள் நிலத்தைக் குத்தகைக்கு உழுதவர் அடித்தார். அவருடைய சைக்கிளுக்குப் பஞ்சர் போடுகிறவர் அடித்தார். முன்னால் நின்ற பம்பைக்காரர்களுக்குப் பின்னால் நடப்பது தெரியாது. அவர்கள் வாசித்துக்கொண்டே இருந்தார்கள். கழிகள் அந்தத் தாளத்துக்கே ஏறி இறங்குவது போல எனக்குத் தெரிந்தது. நான் மாமாவின் காலைக் கட்டிக்கொண்டேன். அவர் என்னோடு சேர்த்தே காலைத் தூக்கி அப்பாவின் விலாவில் உதைத்தார்.

அண்ணன் வரிசையை விட்டு வந்தான். ஓடி வரவில்லை, நடந்துதான் வந்தான். கழிகளுக்கு நடுவே புகுந்து அப்பாவின் மேல் குப்புறப் படுத்து இரண்டு கைகளாலும் அவர் தலையை மூடிக்கொண்டான். இறங்கிக்கொண்டிருந்த கழி நிற்கவில்லை. தோளில் எலும்பு முறிந்த சத்தம் பம்பையையும் மீறிக் கேட்டது. பிறகு யாரோ ஒரு பெண், காப்பு கட்டினவன் அவன், காப்பு கட்டினவன்மேல கை வைக்காதீங்க என்று கூவினாள். ஒவ்வொருவராகப் பின்வாங்கினார்கள். அப்பா அறுக்கப் பார்த்த அந்தக் கயிறுதான் அன்று அவர் உயிரை மிச்சம் வைத்தது. கடைசியாகக் காலை எடுத்தது மாமா.

அண்ணன் அந்த வருடம் தீ மிதிக்கவில்லை. அதற்குப் பிறகு எந்த வருடமும் மிதிக்கவில்லை.

அரசு ஆஸ்பத்திரியில் இருவரும் அடுத்தடுத்த கட்டில்களில் கிடந்தார்கள். அப்பாவின் தாடை உடைந்து கம்பி போட்டுக் கட்டியிருந்தார்கள். இடது காது கேட்காமல் போனது, கடைசிவரை கேட்கவில்லை. அம்மா ஒரே தூக்குவாளியில் கஞ்சி கொண்டுவந்து இருவருக்கும் ஊட்டுவாள். அப்பாவிடம் ஒரு வார்த்தை பேச மாட்டாள். உதட்டோரம் ஸ்பூனைச் சாய்ப்பாள், அவர் விழுங்கும்வரை சுவரைப் பார்ப்பாள். டெட்டால் வாசனைக்கு நடுவில் அந்தக் கஞ்சியின் சீரக வாசனை இன்னமும் எனக்கு வரும்.

கம்பி பிரித்த அன்று அப்பாவால் பேச முடிந்தது. வார்த்தைகள் நசுங்கி நசுங்கி வந்தன. அவர் முதலில் கேட்டது அண்ணனைத்தான்.

"உன் சாமி ஏன்டா உன் எலும்ப ஒடைய வுட்டுது?"

கேலியாகக் கேட்கவில்லை. உண்மையாகவே கேட்டார். அண்ணன் கூரையைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் கிடந்தான். அப்பா காத்திருந்தார். செவிலியர் வந்து ஊசி போட்டுவிட்டுப் போனார். அப்போதும் காத்திருந்தார்.

"தெரியலப்பா. யோசிச்சிகினு கீறேன்."

அப்பா தலையை ஆட்டினார். ஒப்புக்கொண்ட மாதிரியும் இல்லை, மறுத்த மாதிரியும் இல்லை.

வீடு திரும்பிய அன்று அம்மா அவர் கண்முன்னாலேயே ஸ்கேலை அடுப்பில் சொருகினாள். தேக்கு எரிய நேரமாகும், அதுவரை அடுப்பை விட்டு எழவில்லை. சாம்பலில் பித்தளைத் தகடு மட்டும் சுருண்டு கிடந்தது. அகலை அரிசி டிரம்முக்குப் பின்னாலிருந்து எடுத்து அடுப்பு மேடையில் வைத்து ஏற்றினாள். அப்பா அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சாப்பிட்டார். சாகும்வரை அப்படித்தான் சாப்பிட்டார். மாமா எங்கள் படியை அதற்குப் பிறகு மிதிக்கவில்லை.

அண்ணன் பொறியியல் படித்தான், பாலங்களுக்குக் கணக்குப் போடும் வேலைக்குப் போனான். செவ்வாய், வெள்ளியில் கோயிலுக்குப் போவான். ஒவ்வொரு ஞாயிறும் கூடுவாஞ்சேரியிலிருந்து வந்து அப்பாவோடு வாதம் செய்வான். அப்பாவுக்குக் கேட்கிற காதுப் பக்கமாக நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு இருவரும் மணிக்கணக்காகப் பேசுவார்கள். யாரும் யாரையும் மாற்றவில்லை. எனக்கு எந்தச் சாமி மேலும் நம்பிக்கை வரவில்லை. ஏன் வரவில்லை என்று உட்கார்ந்து யோசித்ததும் இல்லை. பூசாரி, விஞ்ஞானி என்ற அப்பாவின் கணிப்பு இரண்டு பிள்ளைகள் விஷயத்திலும் தலைகீழாகப் போனது. அவர் அதை ஒருமுறைகூட வாய்விட்டுச் சொல்லவில்லை.

சில வருடங்களுக்கு முன் அப்பா இறந்தார். எந்தச் சடங்கும் கூடாது என்று அண்ணனிடம் சொல்லிவைத்திருந்தார். பங்காளிகள் தீச்சட்டியோடும் வாய்க்கரிசியோடும் வந்து இறங்கினார்கள். அண்ணன் வாசலில் நின்றுகொண்டு, ஒன்றும் வேண்டாம், மரியாதை செய்துவிட்டுப் போங்கள் என்றான். கோயிலுக்குப் போகிறவனே இப்படிச் சொன்னால் எப்படி என்று கத்தினார்கள். அனாதைப் பிணமா என்று கேட்டு ஒரு பங்காளி மகன் அண்ணனைக் கன்னத்தில் அறைந்தான். மூக்குக் கண்ணாடி தெறித்து உடைந்தது. இன்னொருவன் தள்ளியதில் கேட்டில் மோதி நெற்றி கிழிந்தது. தலை நரைத்த மனிதன், பேரப்பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் கேட்டைப் பிடித்துக்கொண்டு எழுந்து அதே இடத்தில் நின்றான்.

"எங்கப்பா நம்பல. அவரு பேச முடியாம கெடக்கும்போது நான் நம்ப வெக்கணுமா?"

ஒருவரும் உள்ளே வரவில்லை. நாங்கள் நான்கு பேர் சேர்ந்து அப்பாவை வண்டியில் ஏற்றினோம். மந்திரம் இல்லை, மணி இல்லை, சங்கு இல்லை. மின்மயானத்தில் கதவு மூடும்போது நான் அண்ணனின் கையைப் பிடித்திருந்தேன். அவனுக்கு அந்த நேரத்தில் ஒரு வார்த்தையாவது சொல்லி வழியனுப்ப வேண்டும் என்று இருந்திருக்கும். சொல்லவில்லை.

கருமாதி நடந்திருக்க வேண்டிய நாள் வந்தது. அன்று மதியம் அண்ணன் என் வீட்டுக்கு வந்தான். தலையை மழித்திருந்தான். எங்கே போய்வந்தாய் என்று கேட்டேன். கடற்கரைக்கு என்றான், வேறு எதுவும் விளக்கவில்லை. அப்பா கேட்டுக்கொண்டதுக்கு விரோதம் இல்லையா என்று வாயில் வந்ததைக் கேட்டுவிட்டேன்.

செருப்பைக் கழற்றிவிட்டு, சுவரில் கை ஊன்றி, அவன் எப்போதும் போல யோசித்தான்.

"இது அவருக்கு இல்லடி. எனக்கு."

குடிக்கத் தண்ணீர் கேட்டான். கொடுத்துவிட்டு, அவன் குடித்து முடிக்கும்வரை அந்த மொட்டைத் தலையின் மேல் கையை வைத்துக்கொண்டிருந்தேன். வெயிலில் வந்த தலை, சுட்டது.